அரைக்கண்ணு தூக்கிப் பிடித்த தலையணை

நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாருடைய ரவிக்கைப் பித்தான் ஒன்று தெறித்துக் கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. வீடே குனிந்து தேடியது. மாமனார் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "அரைக்கண்ணு இருந்திருந்தா இந்நேரம் எடுத்துக் குடுத்திருப்பா. முழுக்கண்ணு வச்சிருக்கறவங்க இத்தனை பேர் இருந்து என்ன பிரயோஜனம்?" என்றார். அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. யாரோ பார்வை மங்கிய கிழவியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் வந்தவள் பாவாடை கட்டிய சின்னப் பெண். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். சித்தப்பா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என் மாமனாரின் பெரியம்மா பையன். ஆனாலும் அந்த வீட்டில் அப்படியெல்லாம் பிரித்துப் பேசமாட்டார்கள். எனக்கு நாத்தனார் முறை. ஊசியில் நூல் கோக்கும்போது இடது கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, கண் பாதி மூடினாற்போலவே நின்றுவிட்டது. யாரோ ஒரு மாமா, "எதுக்குடி என்னைப் பார்த்துக் கண்ணடிக்கறே?" என்று கேட்டார். "உங்களைப் பார்க்கப் பாதிக் கண்ணு போதும்னு விட்டுட்டேன் மாமா" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

தையல் அவளுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்தது. வயது வந்ததும் சினிமா ஸ்டூடியோவில் காஸ்ட்யூம் அறையில் சேர்ந்தாள். அங்கேயே லாரி ஓட்டிய ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஒரே பெண். பெண் பள்ளிக்கூடம் போகிற வயதில் அவர் மார்வலி என்று படுத்தார், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அரைக்கண்ணு தையல் மெஷினை விட்டு நகர்ந்ததை நான் பார்த்ததில்லை.

ஸ்டூடியோவில் அவளுக்குத் தைப்பது பாதி வேலைதான். மீதி வேலை, புதுத் துணியைப் பழசாக்குவது. கடையிலிருந்து வந்த சட்டையைச் செங்கல்லால் தேய்ப்பாள். டீத்தூள் தண்ணீரில் ஊறப்போடுவாள். கழுத்துப் பட்டியைக் கம்பி பிரஷ்ஷால் உரசி, முழங்கையில் ஒரு கிழிசல் போட்டு, அந்தக் கிழிசலை அவசரத்தில் யாரோ தைத்த மாதிரி கோணலாகத் தைப்பாள். பத்து வருஷம் ஒருத்தன் உழைத்துப் போட்ட சட்டை மாதிரி இருக்கும். "நல்லாத் தைக்கத் தெரிஞ்சவளுக்குத்தான் அண்ணி மோசமாத் தைக்க வரும்" என்பாள்.

இப்போது வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமான மறு வருஷம் எங்கள் ஊர் ஆற்றங்கரை ஒரு விடிகாலையில் உடைந்தது. பள்ளத்துத் தெருக்கள் முழுவதும் போயின. நாங்கள் மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். செய்திப் படம் எடுக்கிற ஒருவர் படகில் போய்க் கொஞ்சம் பிலிம் எடுத்திருந்தார். கூரைகள், மிதக்கிற கட்டில்கள், மொட்டைமாடியில் நிற்கிற ஜனங்கள். எல்லாம் தூரத்தில்தான். ஒரு முகம்கூட நமக்குத் தெரிந்த முகம் என்று சொல்ல முடியாது.

பத்து வருஷம் கழித்து ஒரு டைரக்டர் அந்த வெள்ளத்தைச் சினிமாவாக எடுக்க வந்தார். அந்த நிஜப் பிலிமை நடுநடுவே சேர்ப்பது, மீதியை ஸ்டூடியோவில் நடிக்க வைத்து எடுப்பது, எது நிஜம் எது நடிப்பு என்று பார்ப்பவனுக்குத் தெரியக்கூடாது. இதுதான் அவருடைய திட்டம்.

அரைக்கண்ணு ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, சின்னத் தலையணை ஒண்ணு குடுங்க. கைக்குழந்தை அளவுல. ஸ்டூடியோ தலையணையெல்லாம் மூணு குழந்தை சேர்ந்த மாதிரி இருக்கு." என் சின்னவனுடைய தலையணையைக் கொடுத்தேன். உறை நான் தைத்தது. ஓரத்தில் மஞ்சள் நூலில் ஒரு வாத்து போட்டிருந்தேன்.

சாயங்காலம் தலை ஈரம் சொட்டச் சொட்ட வந்தாள்.

"என்னடி, மழையா?"

"நானே நடிச்சுட்டு வர்றேன் அண்ணி."

குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் வருகிற தாயாக நடிக்க வந்த அம்மாள் ஸ்டூடியோ தொட்டியில் கால் விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் வருகிறது என்று உட்கார்ந்துவிட்டாராம். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். தாய் வேஷத்துச் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது இவள்தான். "நீங்க இறங்குங்களேன்" என்றிருக்கிறார். கேமராக்காரர் இவள் கண்ணைப் பார்த்துவிட்டு, "இதுக்குமேல அழத் தேவையே இல்லை" என்றாராம்.

"முதல் தடவை வழுக்கி விழுந்துட்டேன். மூட்டை அவுந்து உங்க தலையணை மிதந்து போகுது. வாத்து மேல் பக்கமா. அத்தனை பேரும் சிரிக்கறாங்க. ரெண்டாவது தடவை சரியா வந்துடுச்சு."

"தலையணை எங்கடி?"

"காயுது" என்றாள். ஒரு வாரம் கழித்துச் சேற்று நாற்றத்தோடு வந்தது.

அந்தப் படத்துக்கு எடிட்டராக இருந்தவரைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வாள். அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவர் புதுப் பிலிமைத் தாழ்வாரத்துத் தரையில் போட்டுக் குப்பையோடு குப்பையாக இழுப்பாராம். கீறல் விழுந்தால்தான் செய்திப் படத்துப் பிலிமோடு ஒட்டும். இவள் பதறிப் போய்க் கேட்டதற்கு, "உனக்குச் செங்கல், எனக்குத் தரை. வேலை ஒண்ணுதான் தங்கச்சி" என்றாராம். அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. கெட்டுப்போன ஷாட்டை அங்கே என்ஜி என்பார்கள். மற்றவர்கள் என்ஜியைக் குப்பையில் போடுவார்கள். இவர் அதையெல்லாம் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படம் முடிந்த பிறகும் லைட் தூக்குகிறவர்கள், தையல்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவார். வெளி ஆட்கள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை.

படம் வந்தபோது குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனோம். கூரைகள் வந்தன, கட்டில்கள் மிதந்தன, அப்புறம் அரைக்கண்ணு வந்தாள். பழுப்பு வெளிச்சத்தில், கீறல் விழுந்த மழையில், மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதிக் கண்ணோடு. தியேட்டரே விசும்பியது. என் வீட்டுக்காரர் என் காதில், "உன் தலையணை நல்லா நடிக்குது" என்றார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் திரும்பி, "மனுஷங்கதானா நீங்க?" என்று கேட்டார்.

படம் கொஞ்ச நாள் ஓடியது. பிறகு எல்லோரும் மறந்துபோனோம். ஸ்டூடியோவை இடித்தார்கள். அரைக்கண்ணு மகள் வீட்டோடு வந்து, வாசலில் ஒரு தையல் கடை போட்டாள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் கிழவிகளானோம்.

போன வருஷம் ஆற்றோரத்தில் பழைய பம்பு வீட்டை வெள்ள நினைவகமாக மாற்றித் திறந்தார்கள். அரைக்கண்ணுவின் மகள், "ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து சண்டை போடறதுக்கு அங்க போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று வண்டி பிடித்து அனுப்பினாள். வாசல் காவலாளி நல்ல மனுஷர். ஊர் எது தெரு எது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இவள் தையல் கடைக்குப் பின்னால் இருக்கிறாள் என்பது வரைக்கும் சொன்னேன்.

உள்ளே இருட்டும் குளிர்ச்சியுமாக இருந்தது. பலகைகள், துருப்பிடித்த சாவிகள், ஒற்றைச் செருப்புகள், நின்றுபோன கடிகாரங்கள். ஒரு திருப்பம் திரும்பினோம். அரைக்கண்ணு என் முழங்கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது.

எதிர்ச் சுவர் முழுக்க அவள்தான் இருந்தாள். ஆள் உயரத்துக்கு மேல், கழுத்தளவுத் தண்ணீரில், மூட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு திரையில் அதே காட்சி அசைந்துகொண்டிருந்தது. கீழே பித்தளைத் தகட்டில், 'கரை உடைந்த காலையில் ஒரு தாய். பெயர் தெரியவில்லை. மீட்கப்படவில்லை' என்று வெட்டியிருந்தார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னேன். படத்துக்கு முன்னால் பூ வைத்திருந்தார்கள்.

அவள் பூவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அண்ணி, என்னைச் சாகடிச்சுட்டாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை. பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "யார்கிட்டயாவது சொல்லிடலாம்டி, தப்பா மாட்டியிருக்காங்கன்னு" என்றேன். அங்கே வேலை பார்க்கிற ஒருவர், சாம்பல் நிறச் சட்டை, ஐம்பதைத் தாண்டிய வயது, ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வந்தார். சட்டையின் இரண்டாவது பித்தான் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அரைக்கண்ணு அதைத்தான் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

"இந்த அம்மா யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வெள்ளம் வடிஞ்ச பிறகு, மேட்டுப் பள்ளிக்கூடத்துல ஒரு மேசை மேல ஈரத்துணியோட ஒரு கைக்குழந்தை கிடந்தது. யாரோ கொண்டு வந்து வச்சுட்டுப் போயிருக்காங்க. குழந்தை அநாதை இல்லத்துல வளர்ந்துச்சு. அங்க இருந்த பெரியம்மா ஒரு வெள்ள நினைவு நாள்ல பேப்பர்ல வந்த இந்தப் படத்தை வெட்டி அது கையில குடுத்தாங்க. இதுதாண்டா உங்கம்மான்னு." அவர் கையை உயர்த்தி மூட்டையைக் காட்டினார். "அந்த மூட்டைக்குள்ள இருக்கறது நான்தான்."

 ஒரு பெரியவர் அவர் தோளைத் தொட்டார்.

 அந்த மூட்டையை எனக்குத் தெரியும். அதன் ஓரத்தில் வாத்து இருந்தது. என் பையன் அதில் எச்சில் ஒழுகவிட்டுத் தூங்கினான். ஐம்பது வயது மனுஷர் அதைக் காட்டி நான் என்கிறார். 

அரைக்கண்ணு என்னை இழுத்தாள். "வாங்க, போயிடலாம்." திரும்பும்போது ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. வெளிச்சம் பட்டால் அந்தக் கண் இன்னும் சுருங்கும். அந்த மனுஷர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தின் பாதியில் நின்றார். சுவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். 

"அம்மா, ஒரு நிமிஷம்."

நாங்கள் நிற்கவில்லை. கைத்தடியோடு ஒரு கிழவி அந்த வேகத்தில் நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அந்த மனுஷர் வீட்டுக்கே வந்துவிட்டார். காவலாளி சொல்லியிருக்கிறார், நான் சொன்னதையெல்லாம். அதே சட்டை, அதே தொங்கும் பித்தான். தூங்கியவர் மாதிரி தெரியவில்லை. நான் முந்தின நாள் என் வீட்டுக்குத் திரும்பாமல் அவளோடுதான் இருந்தேன்.

"உயிரோடதான் இருந்திருக்கீங்க" என்றார்.

"உக்காருங்க தம்பி."

"இவ்வளவு பக்கத்துல. நான் தினம் பஸ்ஸுல இந்தத் தெரு வழியாத்தான் போறேன்." குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பள்ளிக்கூடத்துல வச்சுட்டுப் போனது நீங்கதானா? போனது போகட்டும். அப்புறம் ஏன் தேடல?"

"நான் உங்கம்மா இல்லப்பா. அது சினிமா. வெள்ளம் வந்து பத்து வருஷம் கழிச்சு எடுத்தது. நான் ஸ்டூடியோவுல துணி தைச்சவ. நடிக்க வந்தவங்க இறங்கலைன்னு நான் இறங்கினேன்."

"சினிமாவா? அது செய்திப் படம். டிவி நிலையத்துலேருந்து வந்த பெட்டியில எல்லாம் ஒரே சுருளா இருந்துச்சு. நானே பார்த்தேன்."

"சினிமாவுக்காக ரெண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தாங்க."

"அப்ப மூட்டையில யாரு?"

அரைக்கண்ணு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "தலையணைப்பா. என் வீட்டுது."

அவர் என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "என்னைத் தலையணைங்கறீங்களா?"

 நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னை வேண்டாம்னு விட்டீங்க, சரி. அதைச் சொல்லுங்க, கேட்டுக்கறேன். இப்படிக் கதை கட்டாதீங்க" என்று இவளிடம் சொன்னார். "நாளைக்கும் வருவேன். ஒத்துக்கற வரைக்கும் வருவேன்."

அவர் போன பிறகு, ஊற்றி வைத்த காபி ஆடை படிந்து கிடந்தது. நான்தான் கேட்டேன். "ஏண்டி, ஆமான்னு சொல்லிட்டா என்ன? உனக்கென்ன குறைஞ்சு போகுது? பாவம், நாற்பது வருஷமா ஒரு அம்மாவோட இருந்திருக்கான்."

"ஆமான்னு சொன்னா, பெத்த குழந்தையை மேசை மேல போட்டுட்டு ஓடிப்போனவதான் அவன் அம்மான்னு ஆகும்."

"இல்லேன்னா அதுவும் இல்ல."

"அவனைப் பெத்தவ ஒருத்தி நிஜமாவே அந்தத் தண்ணியில போயிருக்கா, அண்ணி. அவளுக்கு வைக்கற பூவெல்லாம் எனக்கு வைக்கறாங்க." கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அந்தச் சால்வையைச் செங்கல்லால தேச்சது நான். அவ்வளவு நல்லாவா தேச்சேன்?"

வாயால் சொன்னால் அவன் நம்பமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, "எடிட்டர் அண்ணன் இருக்காரா, போயிட்டாரா?" என்று கேட்டாள். மகள் யார் யாரிடமோ போன் போட்டு விசாரித்தாள். இருந்தார். மகன் வீட்டில், காது மந்தமாக. போனில் கத்திச் சொன்னதும் அவர், "உன் வாத்து பத்திரமா இருக்கு தங்கச்சி" என்றார்.

அடுத்த நாள் வந்தவரை அங்கே அழைத்துக்கொண்டு போனோம்.  எடிட்டர் ஒரு பழைய புரொஜெக்டரை மேசையில் ஏற்றி வைத்திருந்தார். ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மருமகள் எடுத்தாள். எடிட்டர் கை நடுங்கியது, ஆனால் பிலிமைத் தொட்டதும் நின்றுவிட்டது.

"இது என்ன?" என்று கூட வந்தவர் கேட்டார்.

"தம்பி, பார்த்துட்டுக் கோவப்படுங்க" என்றாள் அரைக்கண்ணு.

சுவரில் வெளிச்சம் விழுந்தது. கீறலே இல்லாத பிலிம். தரையில் இழுக்காத பிலிம். நேற்றுப் பெய்த மழை மாதிரி அவ்வளவு துல்லியமாக இருந்தது. தொட்டியின் விளிம்பு தெரிந்தது. அதன் மேல் உட்கார்ந்து ஒருவன் வாழைப்பழம் தின்கிறான். தண்ணீரில் அரைக்கண்ணு, வயதில் என் பேத்தியை விடச் சின்னவள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி வைக்கிறாள். வழுக்குகிறாள். முழுகிப் போகிறாள். மூட்டை அவிழ்ந்து தலையணை மேலே வருகிறது. மஞ்சள் வாத்து கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அது ஆடிக்கொண்டே போகிறது. விளிம்பில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் மூக்கிலிருந்து தண்ணீர் வழிய எழுந்து, தலையணையைப் பார்த்துவிட்டு, அவளும் சிரிக்கிறாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடி முடிந்து வெறும் வெளிச்சம் மட்டும் நின்றது.

"திருப்பிப் போடுங்க" என்றார்.

போட்டார். மறுபடியும் விழுந்தாள். மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவர் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கத்தில் நின்றார். அவர் நிழல் அவள் மேலும் தலையணை மேலும் விழுந்தது. வாத்து இருந்த இடத்தை விரலால் தொட்டார். அது விரல் மேலேறி நகர்ந்து போனது.

எடிட்டர் நிறுத்தினார். போர்வையை ஒருவரும் விலக்கவில்லை.

"அப்படின்னா எங்கம்மா எப்படி இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது" என்றார். கேள்வி மாதிரி இல்லை.

"தெரியாதுப்பா" என்றாள் அரைக்கண்ணு.

அவர் தலையை ஆட்டினார். பித்தான் இன்னும் அந்த நூலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மடியில் ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். கை பாதி தூரம் போனதை நான் பார்த்தேன். அப்புறம் மடிக்கே திரும்பிவிட்டது. அவர் எல்லோரையும் பார்த்து, "வர்றேங்க" என்றார். அம்மா என்றோ அத்தை என்றோ எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை. செருப்பு மாட்டும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள் என்று காவலாளி மூலம் தெரிந்தது. இவர்தான் மேலே இருப்பவர்களிடம் சொல்லி எடுக்க வைத்தாராம். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு நாள் வண்டியில் ஏற்றி அரைக்கண்ணுவுக்கே அனுப்பிவிட்டார்கள். நினைவகத்தில் அந்தச் சுவரில் இப்போது செய்திப் படத்துப் பிலிம் மட்டும் ஓடுகிறதாம். கூரைகள், கட்டில்கள், மொட்டைமாடியில் தூரத்தில் நிற்கிற பெண்கள். காலையில் ஜனங்கள் வருவதற்கு முன்னால் அவர் அதை ரொம்ப மெதுவாக ஓடவிட்டு, கிட்டே போய் நின்று ஒவ்வொரு பெண்ணாகப் பார்க்கிறார் என்று காவலாளி சொன்னார்.

அரைக்கண்ணு மகள் வீட்டில் பின்பக்கத்து அறையில் இருக்கிறாள். கடையைப் பேத்தி பார்த்துக்கொள்கிறாள். பித்தான் வைப்பது மட்டும் இவள். ஆள் உயரப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறாள்.